எதற்கெடுத்தாலும் ஏன் சந்தேகப்படுகிறீர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கணினித் துறைக்காரன் இல்லை, வக்கீலும் இல்லை. செய்தி படிக்கிறவன், போன் வைத்திருப்பவன், கேட்கிற படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். புதிதாக ஒரு செயலியோ அடையாள எண்ணோ கேமராவோ வரும்போதெல்லாம் நான் "அதெல்லாம் சரி, ஆனால்..." என்று ஆரம்பித்துவிடுவேன். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்களும் கூட வேலை செய்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

தொழில்நுட்பம் என்றாலே உங்களுக்குப் பிடிக்காதோ?

பிடிக்கும். வழி தெரியாத இடத்துக்கு வரைபடத்தைப் பார்த்துத்தான் போகிறேன். பணம் அனுப்ப வரிசையில் நிற்பதில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம் குறைவு, அதைக் கொண்டுவருகிறவர்கள் கொடுக்கிற வாக்குறுதிகள் மேல்தான் அதிகம். இது தப்பாகப் போனால் யார் தலையில் விடியும்? தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல எங்கே போவது? எனக்கு வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மறைக்க எதுவும் இல்லாதவருக்கு என்ன பயம்?

இன்றைக்குத் தப்பில்லாதது நாளைக்கும் தப்பில்லாததாகவே இருக்கும் என்று இந்தக் கேள்வி நம்புகிறது. இன்றைக்குப் பதிவேட்டை வைத்திருப்பவரே நாளைக்கும் வைத்திருப்பார் என்றும் நம்புகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நெதர்லாந்தின் மக்கள்தொகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் எழுதப்பட்டிருந்தது. நிர்வாக வசதிக்காக எழுதியது. கொடுத்தவர்கள் யாரும் அதை மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை. 1940இல் ஜெர்மனி நாட்டைப் பிடித்தது, பதிவேடும் கை மாறியது. அங்கிருந்த யூதர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட அந்தப் பதிவேடு அவற்றில் ஒன்று. 1943 மார்ச்சில் எதிர்ப்பு இயக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தை வெடிவைத்துக் கொளுத்தினார்கள். அட்டைகளில் ஒரு சிறு பகுதிதான் அழிந்தது. அதற்காக 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

போர்க்காலத்துக் கதையை விடுங்கள். உங்கள் சம்பளம், உங்களுக்கு இருக்கும் நோய், வீட்டில் நடக்கிற சண்டை, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது, இவை எதுவும் குற்றம் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் சொல்ல மாட்டீர்கள். யாரிடம் எதைச் சொல்வது என்பதை நானே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். அதற்கு ஒளிவுமறைவு என்று பெயர் வைப்பது நியாயமில்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னதும் இதுதான்: அந்தரங்கம் அடிப்படை உரிமை.

நாம் பேசுவதை போன் ஒட்டுக்கேட்டு விளம்பரம் காட்டுகிறதாமே?

இங்கே நான் உங்களுக்கு ஏமாற்றம் தரப் போகிறேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவைச் சொன்னார்கள். மைக்கை ரகசியமாகத் திறந்து ஒலியை அனுப்பிய செயலி ஒன்றும் அவர்களுக்கு அகப்படவில்லை. ஆனால் திரையில் நடப்பதைப் படம்பிடித்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பிய செயலி அகப்பட்டது.

ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்கே போகிறீர்கள், யாரோடு ஒரே இடத்தில் இருந்தீர்கள், அவர் என்ன தேடினார், எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றீர்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதைவிட இது மலிவு, துல்லியமும் அதிகம்.

பேச்சைக் கேட்பதில்லை, யார் யாரோடு பேசினார்கள் என்ற விவரம் மட்டும்தான் எடுக்கிறோம் என்கிறார்களே?

2013இல், அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன், அரசு மக்களின் அழைப்பு விவரங்களைச் சேகரிப்பதைக் காட்டும் ஆவணங்களை வெளியிட்டபோது அமெரிக்க அரசும் இதைத்தான் சொன்னது. இரவு இரண்டு மணிக்குத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு ஒருவர் அரை மணி நேரம் பேசினார் என்று தெரிந்தால் போதாதா? புற்றுநோய் மருத்துவரிடமிருந்து அழைப்பு, அடுத்த நிமிடம் அம்மாவுக்கு, அதற்கடுத்து காப்பீட்டு நிறுவனத்துக்கு என்று ஒரு பட்டியல் இருந்தால், என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சிஐஏ, என்எஸ்ஏ என்ற இரண்டு அமெரிக்க உளவு அமைப்புகளுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு விவாத மேடையில், இந்த விவரத்தை வைத்துத்தான் ஆட்களைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பெயரை நீக்கிவிட்டுத்தானே தரவை வெளியிடுகிறார்கள்?

பெயரை நீக்குவது சுலபம், ஆளை நீக்குவது கஷ்டம். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பயனர்களின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குரிய 62 வயதுப் பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தேடிய ஊர்ப் பெயரும் உறவினர் பெயர்களுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டன. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம்.

2018இன் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. ஓட்டம், சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி, பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டிருந்தது. பெயர் எதுவும் இல்லை. பாலைவனத்தின் நடுவே ஒளிக்கோடுகள் தெரிந்தன, பார்த்தால் ராணுவ முகாம்கள். சிப்பாய்கள் தினமும் மதில் ஓரமாக ஓடியிருக்கிறார்கள். ராணுவத்துக்கே கோட்டைவிடத் தெரிகிறது என்றால் நாம் எம்மாத்திரம்.

'ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்கள்தானே அழுத்தினீர்கள்?

அழுத்தினேன். படித்துவிட்டு அழுத்தியவர் யாராவது இருந்தால் சந்திக்க ஆசை. 2008இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒருவர் தான் போகும் இணையத்தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் படிக்க ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். இன்றைக்கு அதைவிடக் கூடியிருக்கும், குறைந்திருக்க வழியில்லை. படிக்கவே முடியாததில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லக்கூடாது.

சம்மதத்தை ஒழுங்காகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் போன்களில், 'இந்தச் செயலி உங்களை வேறு இடங்களிலும் பின்தொடரலாமா' என்று நேரடியாகக் கேட்க வைத்தது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, 2022இல் இதனால் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னது. அப்படியென்றால் அதுவரை அந்தப் பணம் நம்மிடம் தெளிவாகக் கேட்காததால் வந்த பணம். (ஆப்பிளும் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை என்பது தெரியும்.)

அதற்குத்தான் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே?

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உலகளாவிய விற்பனையில் 4 சதவீதம் வரை அபராதம் போடலாம். நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் காட்டு என்று கேட்கிற உரிமை பெரிய விஷயம். ஆனால் சாதாரண ஆள் கண்ணில் பட்டது என்ன? பக்கத்துக்குப் பக்கம் குக்கீ (நம்மை அடையாளம் காண இணையத்தளம் நம் கருவியில் வைக்கிற சிறு கோப்பு) அறிவிப்பு. ஒப்புக்கொள்ள ஒரே அழுத்தம், மறுக்க நாலு திரை தாண்ட வேண்டும். 'சட்டம் வந்ததால்தான் இந்தத் தொல்லை' என்று மக்களையே சட்டத்தின் மேல் எரிச்சல்பட வைத்துவிட்டார்கள். அந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

குற்றவாளிகளைப் பிடிக்கவாவது காவல்துறைக்கு என்க்ரிப்ஷனை (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது) திறக்க ஒரு சாவி வேண்டாமா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. குழந்தைகளைச் சீரழிக்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சிக்கல் நோக்கத்தில் இல்லை, சாவியில் இருக்கிறது. நல்லவர்களுக்கு மட்டும் திறக்கிற பூட்டை இதுவரை யாரும் செய்யவில்லை.

கிரீஸில் 2004, 2005 வாக்கில், நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகத்துக்குள் வைத்திருந்த வசதியை யாரோ கைப்பற்றி, பிரதமர் உட்பட 100க்கும் மேற்பட்டவர்களின் போன்களை மாதக்கணக்கில் கேட்டார்கள். 2024இல் அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே கதை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொலைபேசி நிறுவனங்கள் சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கு வசதி வைத்திருக்க வேண்டும் என்கிறது. சீனாவோடு தொடர்புள்ளவர்கள் என்று அமெரிக்க அரசு சொல்லும் ஒரு கும்பல் அந்த நிறுவனங்களுக்குள் நுழைந்து அந்த அமைப்புகளையே எட்டிவிட்டது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. என்க்ரிப்ஷனைத் தளர்த்த வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அதே அரசின் அதிகாரிகள், முழுக்க என்க்ரிப்ட் செய்த செயலிகளில் பேசுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள்.

முக அடையாளக் கேமராக்கள் 99 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்கின்றனவாமே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் கடந்துபோகும் இடம். அதில் தேடப்படுகிறவர்கள் 5 பேர். கேமரா அப்பாவிகளில் ஆயிரத்துக்கு ஒருவரைத்தான் தவறாகக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கேமராதான். அப்படியும் 100 அப்பாவிகள் மாட்டுவார்கள். அதாவது மணி அடிக்கும் ஏறக்குறைய இருபது தடவையில் ஒரு தடவைதான் உண்மையான ஆள். இதை விற்பனைத் தாளில் எழுத மாட்டார்கள். தவிர, அந்தத் தவறும் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019இல் சோதித்த பல மென்பொருள்கள் ஆசிய, கறுப்பின முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறையினர் ஒரு கறுப்பினத்தவரை, இப்படிப் பொருந்தியதை நம்பி, மனைவி பிள்ளைகள் முன்னால் கைது செய்து ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். ஆள் அவர் இல்லை.

கைரேகை வைத்தால் பாதுகாப்புதானே?

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடு போயின. அவர்கள் எதை மாற்றுவார்கள்?

கணினி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? மனிதன்தானே தப்பு செய்வான்?

என் சந்தேகம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றித்தான்.

பிரிட்டன் அஞ்சல் துறை 1999இல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கொஞ்ச நாளில் பல கிளைகளில் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. பெட்டியில் இருக்கும் பணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று கணினி சொல்லும். கிளையை நடத்தியவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். குறைகிற பணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கட்டினார்கள். வீட்டை அடகு வைத்தும் சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கியும் கட்டினார்கள். உதவி எண்ணை அழைத்தவர்கள் பலரிடம், வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதே சமயம் ஊர் ஊராக அதே பதில் போய்க்கொண்டிருந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இது காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை ஆணையம் 2025இல் சொன்னது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்று கேட்கலாம். இங்கிலாந்துச் சட்டம் அந்தக் காலகட்டத்தில்தான் மாறியிருந்தது. கணினி ஒழுங்காக வேலை செய்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் அந்த ஆதாரத்துக்கு எங்கே போவார்? மென்பொருளும் பதிவுகளும் எதிராளியின் கையில். மென்பொருளில் பிழைகள் இருந்ததையும், கிளைக் கணக்குகளை வெளியிலிருந்தே மாற்ற முடிந்ததையும் 2019இல்தான் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது.

தப்பான மென்பொருள் எங்கும் உண்டு, அதை நான் மன்னித்துவிடுவேன். ஆயிரம் பேர் ஒரே புகாரைச் சொன்னபோது ஆயிரம் திருடர்கள் என்று நம்பினார்களே தவிர ஒரு பிழை என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இது ஒரு நாட்டின் கோளாறு என்று விடவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர் வாங்கிய திட்டம், ஆண்டு வருமானத்தை இரண்டு வாரங்களுக்கு இவ்வளவு என்று சராசரியாகப் பிரித்து, உதவித்தொகை வாங்கிய ஏழைகளுக்கு 'நீ அதிகம் வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு' என்று தானாகவே கடிதம் அனுப்பியது. சில மாதம் வேலை இருந்து சில மாதம் இல்லாதவருக்கு அந்தச் சராசரி எப்படிப் பொருந்தும்? இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனாலும் 2019 வரை ஓடியது, பிறகுதான் சட்டவிரோதம் என்று ஆனது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தினார்கள். யார் மேல் சந்தேகம் கொள்வது என்று தீர்மானித்த அமைப்பு குடியுரிமையையும் கணக்கில் எடுத்திருந்தது. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

அவசர காலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

கூடும். ஆனால் அவசரம் முடிந்த தேதியை யார் அறிவிப்பது? கொரோனா காலத்தில் சிங்கப்பூர் அரசு ட்ரேஸ்டுகெதர் செயலியைத் தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே பயன்படுத்துவோம் என்று சொல்லிக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில், குற்றவியல் சட்டப்படி காவல்துறையும் அதை எடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எதிர்ப்பு வந்த பிறகு, கடுமையான 7 வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். ஒழுங்கான நிர்வாகத்துக்குப் பெயர் பெற்ற இடத்திலேயே சொன்ன வாக்கு ஓராண்டு தாங்கவில்லை.

ஓட்டுப்பதிவு இயந்திரத்தையும் நம்ப மாட்டீர்களா?

இதில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். 2005 தேர்தலில் பயன்படுத்திய இயந்திரங்களில் யாரோ தில்லுமுல்லு செய்தார்கள் என்று அது சொல்லவில்லை. ஓட்டு எண்ணிக்கையின் முக்கியமான படிகளைச் சாதாரணக் குடிமகன், தனி நிபுணத்துவம் இல்லாமலே, சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அந்த இயந்திரங்களில் அது முடியாது, அதனால் அவற்றைப் பயன்படுத்தியது அரசியலமைப்புக்கு முரண் என்றது. தோற்றவரின் ஆதரவாளரும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி ஒரு காகிதம் இருந்தால், இயந்திரம் எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அரசைவிடத் தனியார் நிறுவனங்கள்தானே ஆபத்து? அல்லது தலைகீழாகவா?

இரண்டும் தனித்தனி என்று நினைப்பதே பழைய கணக்கு. செல்போன் இருந்த இடங்களின் பழைய பதிவுகளை வாங்கக் காவல்துறைக்குப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அங்கே அரசு அமைப்புகள் சில என்ன செய்தன தெரியுமா? அதே வகைத் தரவைத் தரகர்களிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டன. கடையில் விற்கிற பொருளுக்கு ஆணை எதற்கு?

ஒரு புதிய திட்டம் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

இதில் சேராதவருக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று. 'கட்டாயமில்லை' என்று மேலே எழுதிவிட்டுக் கீழே எல்லாச் சேவைக்கும் அதைக் கேட்டால் எனக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். அப்புறம், தரவை எப்போது அழிப்பார்கள் என்று தேதி இருக்கிறதா என்று பார்ப்பேன். மேல்முறையீட்டைக் கேட்கப் பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதர் இருக்கிறாரா என்றும் பார்ப்பேன்.

இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் எதையாவது திரும்பப் பெற்றார்களா?

பெற்றிருக்கிறார்கள். பிரிட்டனில் 2006இல் தேசிய அடையாள அட்டைச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் 2010இல் அதை ரத்து செய்து, 2011இல் அந்தப் பதிவேட்டின் வன்தட்டுகளையே துண்டு துண்டாக்கினார்கள். சான்பிரான்சிஸ்கோ நகரம் 2019இல் தன் துறைகள் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தத் தடை போட்டது. அதிகம் இல்லை, ஆனால் நடக்கிறது.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு என்னதான் சொல்வீர்கள்?

பெரிதாக எதுவும் இல்லை. செயலி கேட்கிற அனுமதியை முதலில் மறுத்துப் பாருங்கள், பெரும்பாலானவை அப்படியும் வேலை செய்யும். பிறந்த தேதி கேட்கிற இடத்தில் சட்டப்படி தேவையில்லை என்றால் உண்மையைக் கொடுக்காதீர்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள். பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் போடுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கவுன்டரில் 'சிஸ்டம் எடுக்கவில்லை' என்று சொல்லி அனுப்பப் பார்த்தால், அதையே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.